மழைக்கால சூப்: டம்ளருக்குள் என்ன இருக்கிறது?

(ஐப்பசி மாதக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மழை பிடித்ததிலிருந்து லிஃப்டில் ஏறினால் இருமல் சத்தம்தான். வீட்டுக்கு வீடு சூப் கொதிக்கிறது. நல்லதுதான். ஆனால் போன வருஷம் இதே சமயத்தில் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

என் மாமனாருக்கு 82 வயது. சளி, இருமல். சாதம் இறங்கவில்லை என்றார். நான் கேரட், பீன்ஸ், தக்காளி எல்லாம் வேகவைத்து, வடிகட்டி, மிளகு தூவி மூன்று வேளையும் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தார். சத்தாகத்தானே உள்ளே போகிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை நாளாக என்ன சாப்பிட்டார்?" பதில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. காயைச் சக்கை என்று குப்பையில் கொட்டிவிட்டு, மிளகுத் தண்ணீரை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

தெளிந்த சூப் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆவி மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும், உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், புரதம் பேருக்குத்தான் இருக்கும். சோள மாவு கரைத்து விட்டால் கெட்டியாகும், ஆனால் அது வெறும் மாவு. சாப்பிட முடியாதவருக்கு சூப்தான் சாப்பாடு என்றால், சாப்பாட்டை சூப்புக்குள் போட்டுவிடுங்கள்.

இப்போது நான் செய்வது இது. இரண்டு பேருக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு தக்காளி, குக்கரில் நாலு விசில். வாணலியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு சீரகம், ஆறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்கி, ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். எல்லாம் ஆறியபின் அரைத்து, வடிகட்டாமல், மறுபடி கொதிக்கவிட்டு மிளகுத்தூள் சேருங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்தபின்தான். அது கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். பல் இல்லாதவர்களும் குடிக்கலாம்.

ஆறியபின் என்றேனே, அதை விட்டுவிடாதீர்கள். கொதிக்கிற சூப்பை மிக்சி ஜாரில் ஊற்றி மூடிச் சுற்றினால், ஆவி மூடியைத் தூக்கியடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும்.

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு கொள்ளு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரவே ஊறவைத்து வேகவிடுங்கள். ரசத்துக்கு வேகவைத்த தண்ணீரை மட்டும் எடுக்காமல், வெந்த கொள்ளிலும் இரண்டு கரண்டி அரைத்துச் சேருங்கள். புரதம் பருப்பில்தான் இருக்கிறது. அசைவக்காரர்களுக்கும் அதேதான். எலும்புச் சாற்றை மட்டும் குடிக்காமல் கறியையும் பிய்த்துப் போடுங்கள். ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு உறையும். அதை வழித்து எடுத்துவிட்டுக் கொதிக்கவையுங்கள்.

அடுத்து உப்பு. நம் பிளாக்குகளில் பிரஷர் மாத்திரை போடாத வீடு குறைவு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன். டம்ளருக்கு அரை டீஸ்பூன் போட்டு மூன்று வேளை குடித்தால் சூப்பிலேயே அளவு தாண்டிவிடும். அதற்கு மேல் ரசம், ஊறுகாய், அப்பளம் வேறு. பாக்கெட் சூப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று ஒருமுறை படியுங்கள். நான் பாத்திரத்தில் உப்பே போடுவதில்லை. அவரவர் டம்ளரில் அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பு, கீரை, தக்காளி அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாமனார் விழும்வரை நான் டாக்டரிடம் போகவில்லை, சூப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். அப்படி இருக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே போங்கள். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருமல் கேட்டால் கதவைத் தட்டி, "மாமி, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். "சூப் குடித்தேன்" என்றால், அதில் என்ன போட்டீர்கள் என்றும் கேளுங்கள்.

பின்னால் மேசையில் இரண்டு பாத்திரம் வைத்திருக்கிறேன். பெரியது முருங்கைக்கீரை, சின்னது கொள்ளு. இரண்டிலும் உப்பில்லை, பக்கத்திலேயே ஸ்பூனோடு வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரிக் கணக்கைக் குடித்துக்கொண்டே கேட்கலாம்.