நாட்டு நடப்பறிவும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊராட்சிக் கூட்டமென்றால் குடிநீர், சாலை, தெருவிளக்கு, வாய்க்கால் தூர் எடுத்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அரசுப் பணித் தேர்வுகளுக்கு வேண்டிய நாட்டு நடப்பறிவு. ‘இது நகரத்துப் பயிற்சி நிலையங்களில் பேச வேண்டிய செய்தியன்றோ? ஏர் பிடிப்பவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அரிது. அப்படிப்புக்காக ஆட்டை விற்ற வீடுகள் உண்டு. தாலிக்கொடியை அடகு வைத்த வீடுகளும் உண்டு. ஆகவே இது நம் வீட்டுப் பேச்சு; நம் ஊர்ப் பேச்சுமாகும்.

முதலில் ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு காலத்தில் மணியக்காரர், கர்ணம் ஆகிய கிராமப் பதவிகள் பரம்பரை வழியாக வந்தன. தந்தைக்குப்பின் மகன் என்பதே முறையாக இருந்தது. 1980ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. இன்று கிராம நிர்வாக அலுவலர் பதவிக்குத் தேர்வு எழுதியே வர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறிய எவரும், எக்குடியில் பிறந்தவராயினும், அத்தேர்வை எழுதலாம். இவ்வுரிமை எளிதாகக் கிடைத்ததன்று. அதனைப் பயன்படுத்திக்கொள்ள நம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது நம் கடமையாகும்.

அரசுப் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் தேர்வாணையங்கள் இருத்தல் வேண்டுமென அரசியலமைப்பின் 315ஆம் பிரிவு கூறுகிறது. மாகாணங்களில் முதன்முதலாக இத்தகைய ஆணையத்தை 1929ஆம் ஆண்டிலேயே அமைத்தது நம் சென்னை மாகாணம் என்பது பெருமைக்குரியது. இன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழ் பற்றியவை. 75 பொது அறிவு. 25 கணக்கும் அறிவுக் கூர்மையும். அப்பொது அறிவுப் பகுதியில் நடப்பு நிகழ்ச்சிகளுக்கும் இடம் உண்டு. ஒன்றியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொண்டாலோ, முதனிலைப் பொது அறிவுத் தாளின் பாடத்திட்டத்தில் முதல் வரியாக நிற்பதே நாட்டிலும் உலகிலும் நிகழும் முக்கிய நடப்புகள்தாம்.

நடப்பறிவு என்பது யாது? இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் வழி தவறுகிறார்கள். எந்த விருது யாருக்கு, எந்த மாநாடு எங்கே, எந்த நாள் என்ன நாள் என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வதையே நடப்பறிவு என்று கருதுகிறார்கள். அண்மையில் ஒரு சிற்றூரில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஒருவரைக் கண்டோம். அயல்நாட்டுத் தலைவர்களின் பெயர்களை மளமளவென்று ஒப்பித்தார். ‘தம்பி, உன் தகப்பனார் நேற்றுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டாரே, அதன் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?’ என்று கேட்டோம். விடை வரவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த தகப்பனாருக்கு மூட்டைக் கணக்கும் ஈரப்பதக் கணக்கும் தெரியும். அவருக்கும் அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. இருவர் அறிவும் ஒன்று சேரவில்லை என்பதே நாம் அன்று கண்ட குறை.

அவ்வினாவுக்கு விடை இதுதான்: வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் என்று ஓர் ஆணையம் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அது சாகுபடிச் செலவைக் கணக்கிட்டுக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. ஒன்றிய அமைச்சரவைக் குழு அதற்கு ஒப்புதல் அளிக்கிறது. சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2024-25ஆம் பருவத்தில் 2,300 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டபொழுது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. இவையனைத்தும் தேர்வுக்கு உரியவை, உழவருக்கும் உரியவை. வீட்டுத் திண்ணையில் தந்தையும் பிள்ளையும் கால்மணி நேரம் பேசினால் இருவரும் தெளிவு பெறலாம்.

மற்றோர் எடுத்துக்காட்டு. ‘மேட்டூர் அணை திறக்கப்பட்டது’ என்று ஒரு வரிச் செய்தி நாளிதழில் வருகிறது. வழக்கமான நாள் ஜூன் 12. பட்டியல் படிப்பவர் அந்நாளை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போய்விடுவார். கேள்வி கேட்டுப் படிப்பவரோ அவ்வொரு வரியைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் செல்வார். அணை எப்பொழுது கட்டி முடிந்தது? 1934இல். எவ்வளவு நீர் கொள்ளும்? 120 அடி உயரத்தில் 93.47 டி.எம்.சி. இது வரலாறும் புவியியலும். நீர் எங்கிருந்து வருகிறது? குடகு மலையில் தோன்றிக் கருநாடகம் வழியாக வருகிறது. ஆகவே பங்கீட்டுச் சிக்கல் எழுகிறது. மாநிலங்களுக்கிடையேயான ஆற்றுநீர்ச் சிக்கல்களைப் பற்றி அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு பேசுகிறது. 1956இல் அதற்கெனச் சட்டம் வந்தது. 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வெளியாயிற்று. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. விட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஏற்பட்டது. இது குடிமையியல். அந்நீரால் குறுவையும் சம்பாவும் விளைகின்றன; டெல்டாப் பகுதியைக் காக்க 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. இது பொருளியல். ஒரு மடை நீர் பல வயல்களுக்குப் பாய்வதைப் போல, ஒரு செய்தி பல பாடங்களுக்கும் பாய்வதைக் காண்கிறீர்கள் அல்லவா? இப்படிப் படித்தவருக்குக் கேள்வி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விடை சொல்ல இயலும்.

இனி, ஓர் எச்சரிக்கை. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி ஏமாறுதல் கூடாது. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பது சிக்கனந்தான். எனினும் நடப்பறிவில் அது ஆபத்தாக முடியும். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32 என்று பழைய நூல் கூறும். 2019இலும் 2020இலும் புதிய மாவட்டங்கள் பிறந்து இப்பொழுது 38 ஆகியுள்ளன. நாட்டில் மாநிலங்கள் 29 என்று அந்நூல் கூறும், 2019க்குப்பின் 28. ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் 100 நாள் வேலைக்கு உறுதி அளித்தது. ‘நூறு நாள் வேலை’ என்றே அதற்குப் பெயரும் நிலைத்துவிட்டது. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றி, நாட்களை 125 என வைத்தது. செலவில் மாநிலங்களின் பங்கையும் கூட்டியது. பழைய நூலை வைத்துக்கொண்டு 100 என்று எழுதும் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கும். பழைய நினைவை வைத்துக்கொண்டு பேசும் ஊராட்சி உறுப்பினர் ஊருக்குரிய உரிமையை இழப்பார். இரண்டும் ஒரே அறியாமையின் விளைவே.

அப்படியாயின் ஊராட்சி செய்யக்கூடியது யாது? சில எளிய பணிகளைச் சொல்வோம்.

முதலாவது, நூலகம். 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுவே. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டார். வீட்டு வரியுடன் சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி செலுத்துகிறோம். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டிடங்களும் எழுந்தன. அவற்றுள் சில இன்று நாள்தோறும் திறக்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் சிமெண்டு மூட்டை அடுக்கப்பட்டுள்ளது. உங்கள் ஊர் நூலகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாளைக் காலையிலேயே சென்று பாருங்கள். பூட்டைத் திறந்து, இரண்டு நாளிதழ்களும் ஒரு மின்விளக்கும் நான்கு நாற்காலிகளும் போட்டால் அதுவே பயிற்சி நிலையமாகும். மாலையில் பெண் பிள்ளைகளும் அச்சமின்றி வந்து படிக்கத் தக்கதாக அவ்விடம் இருத்தல் வேண்டும். வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருடைய பெண்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரண்டாவது, வாரம் ஒரு நாள் செய்திக் கூட்டம். படிக்கும் பிள்ளைகள் அவ்வாரச் செய்திகளுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஊராருக்கு விளக்கிச் சொல்லட்டும். உழவர்கள் தமக்குத் தெரிந்ததைக் கூறட்டும். 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகியவற்றைப் படத்தில் மட்டும் பார்த்துப் படித்த பிள்ளைகளுக்கு, எது மானாவாரிக்கு ஏற்றது, எது எத்தனை நாளில் விளையும் என்று சொல்லத்தக்கவர் நம் பெரியவர்கள் அன்றோ? பிறருக்கு விளக்கிச் சொன்னது மறக்காது. ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வருவதும் நன்று. என்ன நடந்தது, ஏன் நடந்தது, முன்பு என்ன நிலை, இனி யாருக்கு என்ன பயன் என்று செய்திக்கு நான்கு வரி போதும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்ததையும், பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் உள்ளதையும் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். ஆனால் தம் ஊர்க் கிராம சபைக்கு ஒரு முறையேனும் வந்தவர் எத்தனை பேர்? வரவு செலவுக் கணக்கை அவர்கள் கையில் கொடுங்கள். தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது கண்முன் நடப்பதைக் காண்பார்கள். கணக்கைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டு உறுப்பினர்கள் முகம் சுளிக்கலாகாது. அக்கேள்வி ஊராட்சிக்கு நன்மையே செய்யும்.

நான்காவது, செலவில்லா உதவிகளை ஊராருக்கு அறிவித்தல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ்க் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்போருக்கு ஊக்கத்தொகை வழங்கும் ஏற்பாடு 2023இல் தொடங்கியது. அறிவிப்புகளை ஊராட்சிப் பலகையில் ஒட்டினால் பல வீடுகளில் கடன் மிச்சமாகும்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். உண்மையை மறைத்துப் பேசுதல் நன்றன்று. 2024ஆம் ஆண்டு நான்காம் தொகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இடங்களோ முதலில் 6,244; பின்னர்க் கூட்டப்பட்டு 9,000ஐத் தாண்டின. அப்படியும் ஓரிடத்துக்கு ஏறத்தாழ 200 பேர். ஆகவே நிலத்தை விற்றுப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். எத்தனை ஆண்டு முயல்வது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கிடையே ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளட்டும். தேறாத பிள்ளையை ‘வீணாய்ப் போனான்’ என்று ஏசாதீர்கள். விளையாத ஆண்டிலும் நிலத்தை நாம் வெறுப்பதில்லையே!

தேர்வில் தேறிய பிள்ளை அரசுக்குப் பயன்படுவான். தேறாத பிள்ளை சேர்த்த அறிவும் எங்கும் போய்விடுவதில்லை. சட்டம் மாறியதை ஊராருக்கு அவன் சொல்வான். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதித் தருவான். கூட்டுறவுச் சங்கக் கணக்கைப் பார்ப்பான். நாளை இந்த மன்றத்திலேயே உறுப்பினராக அமர்வான். அவளும் அவ்வாறே, நம் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை அல்லவா?

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு முன் நூலகக் கதவைத் திறந்து வையுங்கள் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடிக்கிறோம்.