கோட்பாடுகளின் முன் ஒரு குவளை



சமூகவியல் வகுப்பில் முதலில் கற்பிக்கும் மூன்று கோட்பாடுகளின் முன் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை வைப்போம்.

சமூகத்தை உடலாகக் காணும் செயல்பாட்டியம், இதையும் ஊர் ஒழுங்கின் ஓர் உறுப்பு என்றுவிடக்கூடும். மோதல் கோட்பாடு சுரண்டலைக் காட்டும். ஆனால் ஒரே வயலில் ஒரே கூலி வாங்கும் இருவருக்கு ஏன் வேறு வேறு குவளை? வர்க்கம் மட்டும் இதற்கு விடையாகாது. குறியீட்டு ஊடாட்டக் கோட்பாடு குவளை சொல்லும் இழிவைப் படிக்கும்; பின்னே நிற்கும் நிலவுடைமை அதன் கண்ணில் எளிதில் படாது.

இந்த இடைவெளியில்தான் அம்பேத்கர் நிற்கிறார். அகமணமே சாதியின் அடிப்படை என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பாளரையே மேல்கீழாக அடுக்கும் பிரிவினை என்று 1936இல் எழுதினார்.

எல்லாக் கோட்பாட்டையும் படியுங்கள். அந்தக் குவளையில் குடித்தவரின் கேள்விக்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.