உனக்கு எப்படித் தெரியும்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று கல்வி என்னும் விஷயம் பற்றிப் பேசும்படி இவ்வாசகசாலைத் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாத நம்மைக் கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லுவது வேடிக்கைதான். ஆனாலும் சாப்பிட்டு ஏப்பம் விட்டவனைவிடப் பட்டினி கிடந்தவன்தானே சோற்றின் அருமையை நன்றாகச் சொல்லுவான்? அந்த உரிமையில் பேசத் துணிகிறோம்.

கல்வி வேண்டும், கல்வி வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எப்படிப்பட்ட கல்வி என்பதே கேள்வி. ஆகையால் ஒரு உபாத்தியாயருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததைத் தள்ளிவிடலாம் என்று எண்ணுகிறோம். அவர் அலெக் பீட்டர்சன் என்னும் பிரிட்டிஷ் ஆசிரியர். 1908இல் பிறந்து 1988இல் இறந்தவர். அவருக்கு மாலை போட்டுக் கும்பிட நாம் வரவில்லை. சாமியையே கும்பிடாத நாம் ஒரு வாத்தியாரைக் கும்பிடுவோமா?

இவர் ஆக்ஸ்போர்டில் படித்து, 1930களில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரின் பேர்பெற்ற பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். பிறகு உலக யுத்தம் வந்தது. சர்க்கார் இவரைப் பிரசார வேலைக்கு இழுத்துக்கொண்டது. 1943 முதல் 1945 வரை தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமையில் ‘மனோதத்துவ யுத்தம்’ என்ற இலாகாவின் துணை டைரக்டராக இருந்தார். அதாவது துப்பாக்கியால் அல்லாமல் துண்டுப் பிரசுரத்தாலும் ரேடியோவாலும் எதிரியின் மனத்தைக் கலைக்கும் வேலை. யுத்தம் முடிந்ததும் 1946இல் நியூபோர்ட் என்ற சிற்றூரின் ஆடம்ஸ் கிராமர் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். 1952இல் மறுபடியும் அழைப்பு வந்தது. நம் தமிழ்த் தொழிலாளிகள் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த அதே மலாயாவில், பிரிட்டிஷ் ஆட்சியின் செய்தி இலாகாவுக்கு 1954 வரை தலைவராக இருந்தார்.

“வெள்ளைக்கார ஏகாதிபத்தியத்துக்குப் பிரசாரம் செய்தவரைப் பற்றியா இங்கே பேச்சு?” என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். நினைக்கவேண்டியதுதான். அதை மறைத்துப் பேசினால் நாமும் புராணப் பிரசங்கிகள் ஆகிவிடுவோம். ஆனால் மேலே நடந்ததையும் கேளுங்கள்.

1954இல் அவர் டோவர் கல்லூரி என்ற பள்ளிக்குத் தலைமையாசிரியராகத் திரும்பினார். அங்கே மேல்வகுப்பில் பல தேச மாணவர்களைச் சேர்த்துப் படிக்கவைக்க முயன்றார். 1958 முதல் 1973 வரை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வி இலாகாவின் டைரக்டராக இருந்தார். அந்த நாட்களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. 16 வயதானவுடன் பிள்ளையை விஞ்ஞானப் பக்கம் அல்லது கலைப் பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். மேற்கொண்டு படிப்பது பெரும்பாலும் மூன்றே பாடம். விஞ்ஞானம் படித்தவனுக்குச் சரித்திரம் கிடையாது. சரித்திரம் படித்தவனுக்குக் கணக்கு கிடையாது. இது தவறு என்று 1960இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

இது ஏதோ இங்கிலாந்து விவகாரம் என்று நினைக்காதீர்கள். ராகு காலம் கழித்து இயந்திரத்தைத் திருப்புகிற என்ஜினீயர் நம் நாட்டில் இல்லையா? கிரகணத்தின் காரணத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கிரகணத்துக்குத் தலை முழுகுகிற விஞ்ஞான வாத்தியார் இல்லையா? இவர்களுக்குப் படிப்பு இருக்கிறது. அது புத்தியோடு ஒட்டவில்லை. ஒரு அறையில் விஞ்ஞானம், அடுத்த அறையில் பஞ்சாங்கம், நடுவில் கதவில்லாத சுவர். அந்தச் சுவரை இடிக்காத படிப்பு எத்தனை பட்டம் கொடுத்தாலும் என்ன பயன்?

இது நிற்க, ஜெனீவா நகரத்துக்கு வருவோம். சர்வதேச சங்கத்தில் வேலை செய்ய வந்த பல தேசத்தாரின் பிள்ளைகளுக்காக 1924இல் அங்கே ஒரு சர்வதேசப் பள்ளி ஏற்பட்டது. பிள்ளைகள் சிறு வகுப்புகளில் ஒன்றாய்ப் படித்தார்கள். கடைசி வகுப்புகளிலோ பிரிக்கவேண்டி வந்தது. ஏனென்றால் பிரெஞ்சு சர்வகலாசாலைக்கு ஒரு பரீட்சை, ஆங்கில சர்வகலாசாலைக்கு வேறொன்று, சுவிஸ்காரருக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. சரித்திரப் பாடமோ இன்னும் மோசம். ஒரு நாட்டுப் புத்தகத்தில் வீரன் என்று எழுதப்பட்டவன் அடுத்த நாட்டுப் புத்தகத்தில் கொள்ளைக்காரன். ஆகவே அப்பள்ளி ஆசிரியர்களே முன்வந்து, எல்லாத் தேசத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு சமகாலச் சரித்திரப் பாடமும் பரீட்சையும் 1960களின் ஆரம்பத்தில் ஏற்படுத்தினார்கள். மந்திரி சபை செய்யாததை வகுப்பறை வாத்தியார்கள் செய்தார்கள்.

அதே சமயத்தில், ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933இல் கைதாகி, ஜெர்மனியை விட்டே வெளியேறிய குர்ட் ஹான் என்னும் தலைமையாசிரியரின் யோசனையால் 1962இல் வேல்ஸ் நாட்டில் அட்லாண்டிக் கல்லூரி துவங்கிற்று. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் படிக்கவேண்டும் என்பது நோக்கம். ஆனால் அந்தச் சமத்துவக் கல்லூரியிலும் முதல் ஐந்து வருஷம் ஆண் பிள்ளைகளுக்கே இடம். பெண்களைச் சேர்த்தது 1967இல்தான். உலக ஒற்றுமை பேசுகிறவர்களுக்கும் உலகத்தில் பாதிப்பேர் பெண்கள் என்பது சற்று தாமதமாகத்தான் ஞாபகம் வருகிறது!

இந்த முயற்சிகளையெல்லாம் ஒரு திட்டமாக்க ஆலோசகராகக் கிடைத்தவர் நம் பீட்டர்சன். 1968இல் ஜெனீவாவில் ‘சர்வதேச பாக்கலோரியா’ என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் முதல் டைரக்டர் ஜெனரலாக 1977 வரை வேலை பார்த்தவர் அவர்தான்.

திட்டம் என்ன? மாணவன் ஆறு துறைகளில் படிக்கவேண்டும். தன் மொழியும் அதன் இலக்கியமும் ஒன்று. இன்னொரு மொழி, சமூகப் பாடம், விஞ்ஞானம், கணிதம் ஆகியவை நான்கு. ஆறாவது கலையாகவோ விரும்பிய வேறு பாடமாகவோ இருக்கலாம். தாய்மொழியில் பேசினால் அபராதம் போடுகிற நம்மூர் ‘கான்வென்ட்’ முதலாளிகள், அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பார்க்கட்டும். பாடங்களோடு உடலுழைப்பும் பொதுத்தொண்டும் உண்டு. நாலாயிரம் வார்த்தைக்குள் தானே ஆராய்ந்து எழுதும் கட்டுரையும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே ‘அறிவுக் கொள்கை’ என்று ஒரு பாடம். அதில் நெட்டுருப் போடுவதற்கு ஒன்றுமில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?” என்பதே பாடம். கணக்கில் நிரூபணம் என்றால் என்ன? விஞ்ஞானத்தில் நிரூபணம் என்றால் என்ன? சரித்திரத்தில் ஒருவன் எழுதிவைத்தான் என்பது சாட்சியாகுமா? பலபேர் நம்புவதால் ஒன்று உண்மையாகிவிடுமா? இவற்றை மாணவன் விவாதித்துக் கட்டுரையாக எழுதவேண்டும்.

தோழர்களே! இந்தக் கேள்வியைத்தான் நம் இயக்கத்தார் மேடைதோறும் கேட்டார்கள். கேட்டதற்குக் கல்லடியும் சாணியடியும் வாங்கினார்கள். “பிறவியில் உயர்வு தாழ்வு என்று உனக்கு எப்படித் தெரியும்? சாஸ்திரம் சொல்லுகிறது என்றால், சாஸ்திரம் சரி என்று எப்படித் தெரியும்?” தெருவில் கேட்டால் நாஸ்திகம், ஜெனீவாவில் கேட்டால் உயர்தரக் கல்வியா?

பிரசாரத்தையே தொழிலாகச் செய்த ஒருவர் இந்தக் கேள்வியை நடுவில் வைத்த திட்டத்துக்கு ஏன் தலைமை தாங்கினார்? ஜனங்களை நம்பவைப்பது எவ்வளவு சுலபம் என்பதை நேரில் கண்டவர் அவர். அதனால் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் யூகமே. நாமும் பிரசாரகர்கள்தான். அதனால் இந்தக் கேள்விக்கு நாமும் தப்ப முடியாது. இப்போது நாம் சொன்னதையும் “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். இவ்வாசகசாலையில் புத்தகங்கள் இருக்கின்றன, புரட்டிப் பாருங்கள். அப்படிக் கேட்பதற்குப் பயப்படுகிற இயக்கம் மதமாகிவிடும்.

இனி நம்மைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறோம். இந்தத் திட்டம் இன்று 150க்கு மேற்பட்ட நாடுகளில், 3000க்கு மேற்பட்ட பள்ளிகளில் நடக்கிறது. இந்தியாவில் முதன்முதல் அது வந்த இடம் நம் தமிழ்நாடுதான். 1901இல் அமெரிக்கப் பாதிரிமாரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட கொடைக்கானல் பள்ளியில் 1976இல் துவங்கிற்று. அதன்பின் பட்டணங்களில் எத்தனையோ ‘இன்டர்நேஷனல்’ பலகைகள் மாட்டியாகிவிட்டன. பலகை மாட்டிய பள்ளியெல்லாம் இந்தப் பாடத்தை நடத்துவதுமில்லை. நடத்துகிற பள்ளிகளிலோ வருஷக் கட்டணம் லட்சக்கணக்கான ரூபாய். கொத்தனார் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் போவது கட்டுகிற காலத்தில்தான்.

நாம் கேட்கிறோம்: “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதற்கு லட்ச ரூபாய் எதற்கு? ஆய்வுக்கூடத்துக்குக் காசு வேண்டும், விளையாட்டு மைதானத்துக்கும் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். கேள்விக்கு என்ன செலவு? ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் கேள்வி ஓடிப்போய்விடுமா? அன்று வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று ஒரு ஜாதியார் நம்மை விலக்கினார்கள். இன்று பகுத்தறிவைப் பணத்தால் விலக்குகிறார்கள். பணக்காரப் பிள்ளை கேள்வி கேட்கப் பழகுகிறது. ஏழைப் பிள்ளை பதில் ஒப்பிக்கப் பழகுகிறது. கேட்கப் பழகினவன் எஜமானன் ஆவான். ஒப்பிக்கப் பழகினவன் அவனிடம் கைகட்டி நிற்பான். இதுவும் ஒரு வருணாசிரமம்தானே!

ஆகவே, தாய்மார்களே, தோழர்களே! கடன் வாங்கி அந்தப் பலகைகளின் பின்னால் ஓடவேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாரம் ஒருநாள் போங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். இந்த வாசகசாலையில் வாரம் ஒரு மாலை பிள்ளைகளை உட்காரவைத்து, ஏதேனும் ஒரு சேதியை எடுத்து, எப்படித் தெரியும் என்று விவாதிக்கவிடுங்கள். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். வீட்டில் பிள்ளை ஏன் என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், “தெரியாது, வா, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லுகிற தகப்பனுக்கு மானம் ஒன்றும் போய்விடாது.

 இனி நீங்கள் கேளுங்கள். நாம் பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.