கேஷும் காசும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கீழே வடை ஆறிக்கொண்டிருப்பதால் அதற்குள்ளேயே முடித்துவிடுகிறேன்.

பொங்கல் விழா வினாடி வினாவில் ஒரு கேள்வி வந்தது. ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது? பி பிளாக்கில் இருக்கும் பிளஸ் டூ மாணவி ‘பிரெஞ்சு’ என்றாள். அட்டையில் இருந்த விடை ‘தமிழ்’. மதிப்பெண் கிடையாது என்றார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசும் போயிற்று. பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் வாதம். ‘தமிழ்ப்பற்று இல்லாத பிள்ளை’ என்றுகூட ஒருவர் எழுதினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பணத்தோடு பழகியவர், நீங்களே சொல்லுங்கள் என்று செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

சி, ஏ, எஸ், எச் என்ற நான்கு எழுத்தில் ஆங்கில அகராதியில் ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, வம்சம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே கொடுக்கிறது. இரண்டும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது ஏறக்குறைய ஒரே காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

முதலாவது, நாம் தினமும் சொல்லும் கேஷ். இது லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘காப்ஸா’விலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் பணம் வைக்கும் பெட்டிக்குத்தான் கேஷ் என்று பெயர். பிறகு பெட்டிக்குள் இருந்ததற்கும் அதே பெயர் வந்துவிட்டது. இதே ‘காப்ஸா’விலிருந்துதான் கேஸ், கேப்சூல் எல்லாம். காலையில் நம்மில் பாதிப்பேர் விழுங்குகிற கேப்சூல் ஒரு குட்டிப் பெட்டி, அவ்வளவுதான். கேஷியரும் இந்தக் குடும்பம்தான், பெட்டிக்குப் பொறுப்பானவர்.

இரண்டாவது கேஷ் நம்முடையது. தமிழ்க் ‘காசு’ போர்ச்சுகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, ஆங்கிலேயரிடம் கேஷ் ஆயிற்று. ஆனால் இதன் பொருள் பொதுவாகப் பணம் அல்ல, சிறிய மதிப்புள்ள நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் பெயர். அது நம் சொல் போய் ஒட்டிக்கொண்டது. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் அடித்த நாணயத்தில் ‘காஸ்’ என்றே பொறித்தார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலும் இந்தக் காசுக் கதை இருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஒரு ஆள் 5 வராகன் 40 பணம் 70 காசு இருப்பு வைத்திருக்கிறார், இன்னும் 1 பணம் 15 காசு கட்டுகிறார் என்று வையுங்கள். 85 காசில் 80ஐக் கழித்து ஒரு பணமாக்கி மேலே ஏற்ற வேண்டும். 42 பணம் ஆகிவிட்டதா, அதை ஒரு வராகனாக்கி மேலே ஏற்ற வேண்டும். விடை 6 வராகன் 5 காசு. ஒரு பேரேடு முழுக்க இப்படி! கால்குலேட்டர் கிடையாது. அந்தக் குமாஸ்தாக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இந்தக் காசுகளைக் கொஞ்ச காலம் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் ஸோஹோ நாணயச் சாலையில் அடித்தார்கள். 10 கேஷ், 20 கேஷ், வருஷம் 1808. அவற்றை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டிலேயே மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். தமிழ்ப்பெயர் தாங்கிய காசு நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலக் கடலில் கிடந்திருக்கிறது.

இதே எழுத்துகளில் தொடங்குவதெல்லாம் சொந்தமும் இல்லை. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையைவிட்டு நீக்குவதற்கும் ‘கேஷியர்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. அது உடைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. கோர்ட்டில் வழக்கை ‘குவாஷ்’ செய்கிறார்களே, அது இதற்கு உறவு. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் ஆடிப்பூரத் தேர் முடிந்து சில்லறையும் கசங்கிய நோட்டுமாக வந்து குவியும். சாயங்காலம் கணக்கில் குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட வேண்டும். அன்றைக்கு மட்டும் இரண்டு கேஷியரும் ஒரே வம்சமோ என்று தோன்றும்.

கேஷ்யூ, அதாவது முந்திரி, பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். இனிப்புக்கடை காஜு கத்லியில் இருக்கிற காஜுவும் அதுவே. (நம் பால்கோவாவுக்கு முந்திரியெல்லாம் வேண்டியதில்லை, பாலும் சர்க்கரையும் போதும்.) கேஷ்மியர் கம்பளி காஷ்மீரின் பெயர். வேறு ஒன்றுமில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். கேள்வியில் எந்தக் கேஷ் என்று கேட்கவில்லை. கடையில் கொடுக்கிற கேஷ் என்றால் அந்தப் பெண் சொன்னதே சரி. பழைய நாணயம் என்றால் அட்டை சரி. அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்து, முதல் பரிசை இருவருக்குமாக அறிவிக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்த்து எழுதியவரும் அவளிடம் நேரில் இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும். தமிழுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. காசாளர், காசோலை என்று பாங்கிலேயே காசை உட்கார வைத்திருக்கிறோம். கேஷியருக்குக் காசாளர் என்று வைத்தவர் காதுக்கும் கருத்துக்கும் பொருந்த வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் வரும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் நம்மில் பலர் வீட்டில் உண்டு. பழைய டப்பாவில், அஞ்சறைப் பெட்டியில் அந்தக் காசு ஏதாவது கிடந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து அழிந்துபோகும்.