சின்ன வளையம், பெரிய ஆபத்து

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் நான் வழக்கமாகப் பேசுவேன். இன்றைக்கு ஒரு சின்ன இரும்பு வளையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சர்கிளிப் என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அந்த வளையம்தான். பம்பிலும், டிராக்டரிலும், பவர் டில்லரிலும் பேரிங்கோ, பல் சக்கரமோ இடம் விட்டு நகராமல் பிடித்துக் கொண்டிருப்பது இதுதான்.

ஒரு கோடைப் பட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் சமயம். தண்ணீர் தவறினால் மகசூல் போச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயியின் பம்பில் பேரிங் அலறியது. மெக்கானிக் மறுநாள்தான் வருவார். இவர் பொறுக்கவில்லை. திருப்புளியைச் சர்கிளிப்பில் கொடுத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். வளையம் விண்ணென்று தெறித்து, புருவத்துக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. அரை விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

ஏன் அப்படித் தெறிக்கிறது? சர்கிளிப் சாதா இரும்பு அல்ல, வில் எஃகு. விரித்தாலும் சுருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும். பிடி நழுவினால் அந்த விசை முழுவதும் வளையத்தை எறிந்துவிடும்.

இதற்கென்றே தனிக் குறடு உண்டு. அது இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இல்லாத நேரத்தில் என்ன செய்யலாம்?

முதலில் மோட்டாரை நிறுத்தி, பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். டிராக்டர் என்றால் சாவியை எடுத்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வளையத்துக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். சிறுபிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். காடியில் இருக்கும் துருவையும் மண்ணையும் சுரண்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பேரிங் வளையத்தை நெருக்கிக் கொண்டிருந்தால் அதைச் சற்று உள்ளே தள்ளிவிடுங்கள். வளையம் காடியில் லேசாக அசைந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, வளையம் எந்த வகை என்று பாருங்க. துவாரத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் அதைச் சுருக்கி எடுக்க வேண்டும். ஷாப்டின் மேல் உட்கார்ந்திருந்தால் விரித்து எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துதான் பலர் வளையத்தையும் கெடுத்து, கையையும் கிழித்துக் கொள்கிறார்கள்.

உள் வளையத்துக்குப் பழைய மூக்குக் குறடு ஒன்று போதும். அதன் இரண்டு நுனிகளையும் அரத்தால் ராவி, வளையத்தின் காதுத் துளைகளில் இறங்கும்படி செய்து கொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் வளையம் சுருங்கும். மற்றொரு கையால் துவாரத்தின் வாயைக் கனமான துணி கொண்டு மூடியபடியே வெளியே எடுங்கள்.

வெளி வளையத்துக்கு அதே குறட்டின் நுனிகளைத் துளைகளில் வைத்து, கைப்பிடியை விரிக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால், ஒரு காதின் துளையில் மெல்லிய கட்டுக்கம்பியைக் கோத்து, பக்கத்தில் எதிலாவது கட்டிவிடுங்கள். வளையம் நழுவினாலும் தூரம் போகாது. பிறகு இரண்டு காதுகளுக்கும் நடுவே சன்னமான திருப்புளியை விட்டுத் திருகினால் வாய் விரியும். இன்னொரு திருப்புளியால் வளையத்தைக் காடியிலிருந்து தூக்கி முன்னால் தள்ளலாம். இதையும் துணியைப் போர்த்திக்கொண்டே செய்ய வேண்டும். கழன்று வரும் அளவுக்குத்தான் விரிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூலளவு கூட வேண்டாமுங்க.

ஒரு எச்சரிக்கை. சர்கிளிப்புக்குப் பின்னால் கனமான ஸ்பிரிங் அழுத்திக் கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. அங்கே இந்தக் கைவேலை எதுவும் கூடாது. அது பட்டறையில் அழுத்திப் பிடித்துக் கழற்ற வேண்டிய வேலை. உளி, சுத்தியல் எந்த இடத்திலும் வேண்டாம்.

கழற்றிய வளையத்தைத் திரும்பப் போடலாமா என்று கேட்பீர்கள். கோணியிருந்தாலோ, காடியில் பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடினாலோ தூக்கி எறியுங்கள். புதிது வாங்க ஷாப்டின் குறுக்களவோ துவாரத்தின் குறுக்களவோ தெரிந்தால் போதும். உதாரணமாக 6204 பேரிங்குக்கு உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். ஷாப்டுக்கு என்றால் 20 என்றும், கூட்டுக்கு என்றால் 47 என்றும் கேளுங்கள். பெரும்பாலான வளையங்களில் ஒரு பக்க விளிம்பு மழுங்கியும் மறுபக்கம் கூராகவும் இருக்கும். கூர்ப்பக்கம் பேரிங்குக்கு எதிர்ப்புறமாக, வெளியே பார்த்து இருக்கட்டும். காடிக்குள் சுற்றிலும் முழுதாக இறங்கியதா என்று பார்த்த பிறகே மோட்டாரைப் போடுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். நாட்டு மருந்து எதையும் ஊற்றாதீர்கள். கண்ணின் மேல் அழுத்தாமல் சுத்தமான ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கட்டிக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உள் வளையத்துக்கு ஒன்று, வெளி வளையத்துக்கு ஒன்று என்று இரண்டு குறடுகளை நாலைந்து விவசாயிகள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக் கொண்டால் ஊருக்கே உதவும். அந்த நிலக்கடலை விவசாயி அன்று மாலையே பட்டணத்துக்கு ஆள் அனுப்பி வாங்கினார். மறுநாள் காலை மெக்கானிக் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார், தண்ணீர் பாய்ந்தது. ஒரு நாள் தாமதத்தால் கடலை கெட்டுவிடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த வளையத்துக்கு அது அப்படியே பொருந்தும்.