நீரிழிவும் திரை விளையாட்டும்



விளையாட்டு வினையாகும் என்று வீட்டுப் பெரியோர்கள் எச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். வினையொன்றை விளையாட்டாலும் வெல்லக் கூடுமோ என்ற கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்றோர் ஊர் உண்டு. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5 ஆம் நாள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் அவ்வூரில்தான் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை நோயாளியின் வீட்டு வாயிலிலேயே கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். அதற்குத் தேவை இருந்தது என்பதில் ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நடைபெற்று 2023 இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர்.

மாத்திரை வாயிலுக்கு வந்துவிட்டது. ஆயினும் எந்த வேளை உண்பது, எவ்வளவு உண்பது, தலை சுற்றினால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் நோயாளி தாமேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் அவரோடு இருப்பது ஆண்டில் சில நிமிடங்கள். எஞ்சிய பொழுதெல்லாம் அவரே தமக்கு மருத்துவர். இந்தப் பயிற்சியைப் புத்தகம் தருவது கடினம். ஏனெனில் புத்தகத்தில் தவறு செய்து பார்க்க இயலாது. விளையாட்டிலோ தவறு செய்யலாம், தோற்கலாம், மறுபடியும் ஆடலாம்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் 1990களிலேயே செயல்வடிவம் பெற்றது. 1992 இல் ‘கேப்டன் நோவோலின்’ என்ற வீடியோ விளையாட்டு வந்தது. அதன் வீரனே நீரிழிவு உடையவன். அதைவிடச் சிறந்தது பின்னர் வந்த ‘பாக்கியும் மார்லனும்’. இரண்டு யானைக் குட்டிகள். இரண்டுக்கும் இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு. கோடைக்கால முகாமொன்றில் எலிகள் புகுந்து மருந்தையும் உணவையும் கவர்ந்து செல்கின்றன. யானைகள் அவற்றை மீட்க வேண்டும். ஆனால் வெறுமனே ஓடிக் குதித்தால் போதாது. வேளைதோறும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், இன்சுலினை அளந்து கொள்ள வேண்டும், உணவைத் தேர்ந்து உண்ண வேண்டும். இவற்றில் பிழை நேர்ந்தால் யானை தளர்ந்துபோகும்.

இது பயன் தந்ததா? 8 முதல் 16 வயது வரையுள்ள நீரிழிவுச் சிறுவர் 59 பேரைக் கொண்டு ஆறு மாதம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு யானை விளையாட்டு. மற்றப் பிரிவினருக்கு நீரிழிவோடு தொடர்பற்ற வேறொரு விளையாட்டு. 1997 இல் வெளியான முடிவு வியப்பானது. யானை விளையாட்டை ஆடியவர்கள் தம் உடலைப் பேணுவதில் முன்னேறினர்; பெற்றோரிடம் தம் நோயைப்பற்றி முன்னிலும் மனம் விட்டுப் பேசினர்; அவசரமாக மருத்துவரிடம் ஓடுவதும் அவர்களிடையே பெரிதும் குறைந்தது. ஆனால் நீரிழிவைப்பற்றிய அறிவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை! மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையிலும் வேற்றுமை தெரியவில்லை. 59 பேர் என்பது சிறு தொகை. ஆகவே அவசர நிலை குறைந்ததை முற்ற முடிந்த உண்மையாகக் கொள்ளலாகாது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்தச் சிறுவர்களுக்கு நோயைப்பற்றிய அறிவு முன்பே இருந்தது. அவர்களுக்குக் குறைவாயிருந்தவை துணிவும் பேச்சும். அவற்றையே விளையாட்டு கொடுத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியாவில் வேலைக்குச் செல்லும் ஆடவர் 537 பேரைத் தேர்ந்தனர். அவர்கள் 35 முதல் 55 வயது வரையுள்ளோர். நீரிழிவின் வாயிற்படியில் நின்றவர்கள். ஒரு பாதியினருக்கு உணவையும் உடற்பயிற்சியையும்பற்றிய சிறு செய்திகள் கைப்பேசியில் அடிக்கடி சென்றன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களுள் 18 சதவீதத்தினரும், பெறாதவர்களுள் 27 சதவீதத்தினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். 2013 இல் வெளிவந்த ஆய்வு இது. செய்தி விளையாட்டு ஆகாதுதான். ஆனால் தொழிலாளியின் சட்டைப்பையில் கிடக்கும் கருவி அவர் உடல்நலத்துக்குத் துணையாகக் கூடும் என்பதற்கு நம் நாட்டுச் சான்று இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் ஓசூருக்கென ஒரு விளையாட்டு எப்படி இருக்க வேண்டும்? அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் காலை, மாலை, இரவு என முறை மாறி மாறி வேலை நடக்கிறது. என் உறவினர் ஒருவர் அங்கே ஓர் ஆலையில் இரவு முறை பார்த்தவர். ஒரு நாள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, உண்ணாமலே ஓடினார். நள்ளிரவில் கை நடுங்கி, வியர்த்து, பொறியின் அருகே அமர்ந்துவிட்டார். தோழர்கள் மயக்கம் என்றெண்ணி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வேண்டியிருந்ததோ சர்க்கரை. இரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருப்பவருக்கு ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அன்று அவருடைய தோழர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆகவே அந்த விளையாட்டில் ஆடுபவர் நோயாளி மட்டும் அல்லர்; பக்கத்துப் பொறியில் நிற்பவரும் ஆட வேண்டும். யானை விளையாட்டை இருவர் சேர்ந்து ஆட முடிந்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

களியும் அதில் வர வேண்டும். கேழ்வரகு நல்லது, ஆகவே எத்தனை உருண்டையும் உண்ணலாம் என்றொரு நம்பிக்கை அந்த வட்டாரத்தில் மட்டுமன்று, பல ஊர்களிலும் உண்டு. கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. ஓர் உருண்டைக்கும் மூன்று உருண்டைக்கும் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைத் திரையில் கண்ணால் கண்டால், சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மருத்துவருக்கும் ஓய்வு கிடைக்கும். மாம்பழக் காலத்துக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு தனிக் கட்டமே அமைக்கலாம். அதுதான் கடினமான கட்டமாயிருக்கும்!

மொழியின் கேள்வி எஞ்சுகிறது. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்தோர் இந்தியும் பேசுகின்றனர். ஆகவே எழுத்தைக் குறைத்து, படத்தையும் குரலையும் மிகுத்துச் செய்ய வேண்டும். கணினி பயிலும் கல்லூரி மாணவர் சிலரும் ஒரு மருத்துவரும் கூடினால் இயலாத காரியம் அன்று. யானைக்கும் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து மாநில எல்லையைக் கடந்து, கேழ்வரகு முற்றும் பருவத்தில் ஓசூர் வயல்களுக்கு அவை தாமாகவே வந்துவிடுகின்றன.