இதயத்துக்கும் ஒரு வரவு செலவு
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மருத்துவம் பேசப் போவதில்லை. கணக்குதான் பேசப் போகிறேன்.

"அந்தக் காலத்துச் சாப்பாடு சாப்பிட்டால் ஹார்ட் அட்டாக் வராது" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு எல்லாவற்றிலும் நார்ச்சத்து உண்டு. வடையும் முறுக்கும் விசேஷ நாளில் மட்டும்தான். வேலைக்கும் கடைக்கும் நடந்தே போனார்கள். ஆனால் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இவையும் பாரம்பரியம்தான். எல்லாவற்றிலும் உப்பு அதிகம். நடையை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு டேலி ஆகாது.

உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். அது இதயத்துக்குச் சுமை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று வீட்டுச் சமையலிலேயே அது தீர்ந்துவிடும். அதற்கு மேல் சிப்ஸ், மிக்சர், நூடுல்ஸ் எல்லாம் ஓவர்டிராஃப்ட்தான்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாஸ்புக் மாதிரி படியுங்கள். அங்கே உப்பு என்று இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, அதாவது பாதி நாள் பட்ஜெட். அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்றும் பாருங்கள். சேர்பொருட்கள் எடை வரிசையில் இருக்கும். மைதா, சர்க்கரை, பாமாயில் முதலில் வந்தால், முன்பக்கத்தில் "மல்டிகிரெய்ன்" என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம்.

அடுத்தது டிரான்ஸ் கொழுப்பு. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் இது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போடும் பஜ்ஜிக்கு லேபிள் ஏது? நம் வீட்டு வாணலியிலும் பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலிருந்து சமோசா, கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலும் உப்பு குறைத்த நீர்மோரும் வைக்கலாம். செலவும் குறையும். சமோசா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்; ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம். வீட்டில் பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவிலும் வேர்க்கடலை, பழம் என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் "வாயுவாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எதிர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் கூச்சப்படாதீர்கள். அக்கம்பக்கம் என்று நாம் இருப்பதே அதற்குத்தானே.